வாங்குமுன் கேளுங்கள்: வசந்தகாலப் பூச்சிகளும் அவற்றின் பெயரால் விற்கப்படுபவையும்

குளிர் விலகி மண் சூடேறத் தொடங்கியதும் எறும்பும் கரப்பானும் கரையானும் நடமாடத் தொடங்குகின்றன. விளம்பரங்கள் அவற்றுக்கும் முன்பே வந்துவிடுகின்றன. இம்முறை பூச்சி பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காதுக்குக் கேட்காத ஒலியால் எலி, கரப்பான், சிலந்தி எல்லாவற்றையும் விரட்டிவிடும் என்ற விளம்பரத்தை நம்பி, பிளக்கில் செருகும் கருவிகள் ஆறு வாங்கினேன். இரண்டு மாதமாகியும் எலி போகவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாது என்கிறார்கள்.

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன், பெட்டியில் பொய்யை அச்சிட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். இத்தகைய கருவிகளைத் தயாரித்தும் விற்றும் வந்த 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் சான்று கையில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதன் பிறகும் அதே வாசகங்களோடு அதே பொருள் விற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டிச் செல்வதில்லை. தொடக்கத்தில் சற்று மிரளும் எலியும் சில நாளில் அதற்குப் பழகிவிடுகிறது. நானும் இதில் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். அதைக் கழற்றிய அன்று, நேர் கீழே சுண்டெலிப் புழுக்கை கிடந்தது.

திருப்பிக் கேட்கும்போது, பொருள் பிடிக்கவில்லை என்று எழுதாதீர்கள்; பிரித்த பெட்டி என்ற சாக்கு அங்கேதான் செல்லுபடியாகும். விளம்பரத்தில் சொன்ன வேலையை இப்பொருள் செய்யவில்லை என்று எழுதி, விளம்பரத்தின் படம், ரசீது, பெட்டியின் வாசகம் மூன்றையும் இணையுங்கள். வங்கி அட்டையில் பணம் செலுத்தியிருந்தால், வங்கியிடமும் இதே காரணத்தைச் சொல்லிப் புகார் கொடுங்கள்.

கேள்வி: கொல்லையில் கொசுவுக்காக நீல விளக்குப் பொறி வைக்கலாமா? நண்பர் வீட்டில் இரவெல்லாம் பூச்சிகள் படபடவென்று பொரிகின்றன.

பதில்: பொரிபவை பெரும்பாலும் கொசுக்கள் அல்ல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பொறிகளில் விழுந்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்து 1996இல் வெளியிட்ட கணக்கில், கடிக்கும் வகையைச் சேர்ந்தவை 31 மட்டுமே. பணத்தை மிச்சப்படுத்தி, பூந்தொட்டித் தட்டிலும் மூடாத வாளியிலும் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். வெப்பமான நாள்களில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கொட்ட முடியாத நீருக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவைக் கொண்ட வில்லைகள் கிடைக்கின்றன. அவை கொசுப் புழுவைக் கொல்லும், மீனுக்குத் தீங்கு செய்வதில்லை.

கேள்வி: சமையலறை எறும்புக்கு இரைப்பெட்டி வைத்தேன். எறும்புகள் இன்னும் அதிகமாக வந்து மொய்த்ததால், அதன்மேலேயே தெளிப்பான் அடித்தேன். இப்போது குளியலறையிலும் எறும்பு. எந்த நிறுவனத்தின் இரை தரமானது?

பதில்: நீங்கள் வாங்கிய இரை தரமானதாகத்தான் இருந்திருக்கிறது, அதனால்தான் எறும்புகள் மொய்த்தன. அவை அந்த இரையை எடுத்துச் சென்று புற்றில் உள்ள இராணிக்கும் புழுக்களுக்கும் ஊட்ட வேண்டும் என்பதற்காகவே அதில் மருந்தின் அளவைக் குறைத்து வைக்கிறார்கள். போரிக் அமிலம் கலந்த சர்க்கரைப் பாகில் அமிலம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருப்பதற்கும் காரணம் அதுதான். கூடுதலாகச் சேர்த்தால் சுமந்து செல்லும் எறும்பு வழியிலேயே செத்துவிடும். வேலை நடந்துகொண்டிருந்தபோது சுமைகாரர்களை நீங்களே கொன்றுவிட்டீர்கள். சில எறும்பு இனங்கள் தெளிப்பு மருந்து பட்டதும் ஒரு கூட்டை உடைத்துப் பல கூடுகளாகப் பிரிந்துபோகும். உங்கள் குளியலறையில் நடந்திருப்பது அதுவாக இருக்கலாம். தெளிப்பானைப் பூட்டி வையுங்கள், எறும்புத் தடத்தின் ஓரத்தில் புது இரை வையுங்கள், ஓரிரு வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

கேள்வி: இரண்டு அறை வீட்டில் கரப்பானுக்காக, பூச்சிமருந்தைப் புகையாகப் பீய்ச்சும் நான்கு குப்பிகளை ஒரே நேரத்தில் திறந்து விட்டேன். மறுநாளே கரப்பான் திரும்ப வந்துவிட்டது. குப்பி போலியா?

பதில்: குப்பியின் மேல் எவ்வளவு இடத்துக்கு ஒரு குப்பி என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்தீர்களா என்று கேட்கக் கூடத் தோன்றவில்லை. அந்தப் புகையைத் தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்புச் சுடர் எரியும் வீட்டில் அளவு மீறி வைத்ததால் வெடித்த சம்பவங்கள் உண்டு. மருந்து தரையிலும் மேசையிலும் படியும், கரப்பான் பதுங்கியிருக்கும் இடுக்குக்குள் போதிய அளவு போகாது. அமெரிக்காவில் கரப்பான் நிறைந்த குடியிருப்புகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், குப்பிகள் கரப்பான் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அதே காலத்தில் ஜெல் இரை வைத்த வீடுகளில் குறைந்தது. பாத்திரம், மேசை, குழந்தைகள் தொடும் இடங்கள் எல்லாவற்றையும் முதலில் கழுவுங்கள். பிறகு ஜெல்லைக் கீல், குழாய் நுழையும் ஓட்டை, குளிர்பெட்டியின் பின்புறம் ஆகிய இடங்களில் சிறு புள்ளிகளாக வையுங்கள். அதன் பக்கத்தில் எதையும் தெளிக்காதீர்கள்.

கேள்வி: இலவசப் பரிசோதனை என்று வந்தவர், ஜன்னலோரத்தில் கிடந்த சில இறகுகளைக் காட்டி, வீடு முழுதும் கரையான் அரித்துவிட்டது, இன்றே கையெழுத்திட்டால்தான் தள்ளுபடி என்றார். என் தாயார் பயந்துபோய் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

பதில்: வயதானவரைத் தனியாக வைத்துப் பயமுறுத்தி வாங்கிய கையெழுத்து இது. வீட்டு வாசலில் விற்கப்படும் ஒப்பந்தங்களைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் உண்டு. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அந்த விதி இருக்கிறதா என்று இன்றே பார்த்து, எழுத்தில் ரத்து செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

அந்த இறகுகளையும் பத்திரப்படுத்துங்கள். வசந்தத்தில் கரையானும் எறும்பும் இரண்டுமே இறகு முளைத்துப் பறக்கும். ஈசலுக்கு, அதாவது இறகு முளைத்த கரையானுக்கு, நான்கு இறகுகளும் ஏறக்குறைய ஒரே நீளம், உணர்கொம்பு நேராக இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்காது. எறும்புக்கு முன்னிறகு நீளம், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், இடுப்பு மெலிந்திருக்கும். ஈசலாகவே இருந்தாலும், வெளியிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கலாம். அஸ்திவாரச் சுவரில் ஏறும் மண்குழாய், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் மரம் போன்ற தடயங்களை அவர் காட்டினாரா? காட்டவில்லை என்றால், மருந்து விற்காத ஒருவரிடம் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் ஆண்டுக்கணக்கில் மெதுவாக அரிப்பது. இரண்டு வாரம் யோசிப்பதால் கூரை இடிந்து விழாது.

உண்மையிலேயே ஒப்பந்தம் தேவைப்பட்டால், எந்தப் பூச்சிக்கு, எந்த மருந்து, எந்தெந்த இடத்தில், எத்தனை முறை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உத்தரவாதம் என்ற சொல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள்: பெரும்பாலானவை மறுபடி மருந்து அடிப்பதோடு முடிந்துவிடும், அரித்துப்போன மரத்தை மாற்றித் தருவதாகச் சொல்பவை குறைவு.

கேள்வி: நூறு சதவீதம் இயற்கை, குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் மூலிகை எண்ணெய்த் தெளிப்பான் வாங்கியிருக்கிறேன். வீட்டைச் சுற்றி வாராவாரம் அடிக்கலாமா?

பதில்: இந்தக் கேள்வி வருடந்தோறும் வருகிறது, எனக்கும் வருடந்தோறும் கோபம் வருகிறது. இயற்கையில் கிடைப்பது என்பதற்கும் தீங்கில்லாதது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புகையிலையின் நிகோடின் இயற்கைதான். அதைப் பூச்சிமருந்தாக நெடுங்காலம் பயன்படுத்தினார்கள், அது மனிதரையும் கொல்லும். சாமந்தி இனத்து மலரிலிருந்து எடுக்கப்படும் பைரித்ரின் இயற்கைதான். மீனுக்கும் தேனீக்கும் அது நஞ்சு. தேயிலை மர எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. இதையெல்லாம் அறிந்த ஒருவர்தான் அந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் ஓர் இலையையும் சிரிக்கும் குழந்தையையும் வரைந்து வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் சில தாவர எண்ணெய்கள் அபாயம் குறைந்தவை என்ற காரணத்தால் 1996இல் பூச்சிமருந்துப் பதிவிலிருந்து விலக்கப்பட்டன. அதன் விளைவாக, அத்தகைய குப்பி கடைக்கு வருமுன் அது வேலை செய்கிறதா என்று அரசு சோதித்துப் பார்ப்பதில்லை. வாங்குபவரோ, கடையில் இருப்பதாலேயே யாரோ சோதித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். எண்ணெய் நேரே பட்ட பூச்சி சாகலாம். ஆனால் அது ஆவியாகிவிடுவதால், நாளை வரும் பூச்சிக்கு அங்கே ஒன்றும் இருக்காது. வாராவாரம் அடிக்கச் சொல்வதன் பொருளும், வாராவாரம் வாங்கச் சொல்வதன் பொருளும் அதுவே.

ஆகவே பெட்டியைத் திருப்புங்கள். பூச்சியைக் கொல்லும் பொருளின் பெயரும் அதன் சதவீதமும், உங்கள் வீட்டில் உள்ள பூச்சியின் பெயரும், வீட்டுக்குள் அடிக்கலாமா வெளியில் மட்டுமா என்பதும், பதிவிலிருந்து விலக்கப்படாத மருந்தானால் பதிவு எண்ணும் பின்பக்கத்துச் சிறு எழுத்தில் இருக்க வேண்டும். விரட்டும், குறைக்க உதவும் என்ற வினைச்சொற்களை நிறுத்திப் படியுங்கள். கொல்லும் என்று எழுதத் துணியாதவர்கள் அவற்றைத்தான் எழுதுகிறார்கள். படித்த பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள்.

கேள்வி: நாயின் உண்ணி மருந்து மீதமிருக்கிறது. பூனைக்குக் குறைந்த அளவில் போடலாமா?

பதில்: கூடாது. நாய்க்கான பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். ஏற்கெனவே போட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: பூச்சி வருமுன் தடுக்க நினைக்கிறேன். கையில் பணம் குறைவு. முதலில் எந்த மருந்தை வாங்குவது?

பதில்: மருந்தே வேண்டாம். சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியில் நுழையும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர் போதும். கதவின் அடிப்பட்டை, குழாய் ஓட்டைக்கு எஃகு நாரும் அதன்மேல் பூச்சுப் பசையும், ஜன்னலுக்கு அங்குலத்துக்கு 16 முதல் 18 இழை உள்ள வலை ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள்; தண்ணீர் இல்லாத வீட்டில் கரப்பானுக்குப் பிழைப்பு கடினம். விறகையும் பழைய பலகையையும் சுவரில் சாய்த்து வைக்காமல் தள்ளி, தரையைத் தொடாமல் அடுக்குங்கள். சுவரோரத்துச் செத்தையை அள்ளுங்கள். செடிக்கு இடும் மரத்தூள் மூடாக்கு அஸ்திவாரத்தைத் தொடக் கூடாது. குளவிக் கூட்டைத் தேடவும் இதுவே காலம்: வசந்தத் தொடக்கத்தில் இராணி தனியாகவே கூடு கட்டுகிறது, அப்போது அது மிகச் சிறியதாக இருக்கும்.

கேள்வி: கொல்லையில் எலியும் பாம்பும் வராமலிருக்க அந்துருண்டை தூவலாமா?

பதில்: வேண்டாம். மண் கெடும், குழந்தை மிட்டாய் என்று வாயில் போடும், பாம்பு போகாது.

கேள்வி: சென்ற ஆண்டு வாங்கிய மருந்தைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். பெயர் மறந்துவிட்டது. இந்த ஆண்டு எறும்புக்கு அடிக்கலாமா?

பதில்: பெயர் தெரியாத மருந்தை அடிக்கவும் கூடாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. பாட்டில்மேல் பெரிய எழுத்தில் நஞ்சு என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அபாயக் கழிவு சேகரிக்கும் இடம் எங்கே என்று உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் வீட்டில் யாருக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.