அப்டேட் பக்கத்தில் எந்தப் பச்சையை நம்புவது? வேர்ட்பிரஸ் கேள்வி பதில்

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் இணையதளங்களைப் பராமரிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அப்டேட் பக்கத்தில் தெரியும் அடையாளங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். எல்லாம்தான் வந்திருக்கிறது. ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பேக்கப் (தளத்தின் நகல்) எடுக்காமல் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள்.

கேள்வி: பிளக்-இன் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) பட்டியலில் அப்டேட் கொடுத்தேன். மஞ்சள் பட்டைக்குள் வட்டம் சுற்றுகிறது; மேலே குரோம் டேப்பில் எதுவும் சுற்றவில்லை. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா?

பதில்: இரண்டு வட்டத்துக்கும் சொந்தக்காரர்கள் வேறு. டேப்பில் சுற்றுவது பிரௌசருடையது. குரோமில் சர்வரின் (தளம் இருக்கும் கணினியின்) பதிலுக்குக் காத்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் இடப்பக்கமாகச் சுற்றும். தரவு வர ஆரம்பித்ததும் நீலமாகி வலப்பக்கம் திரும்பும். ஃபயர்பாக்ஸில் வட்டத்துக்குப் பதில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் ஓடும். பட்டைக்குள் இருக்கும் வட்டம் வேர்ட்பிரஸ் வரைந்தது.

2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, பட்டியலில் இருந்தபடியே கொடுக்கும் பிளக்-இன் அப்டேட்டுக்குப் புதுப் பக்கம் திறப்பதில்லை. பக்கம் பின்னணியில் சர்வரோடு பேசிக்கொள்கிறது. டேப்புக்குத் திறக்க எதுவுமில்லை, அதனால் சும்மா இருக்கிறது. இதையே டாஷ்போர்டின் (தளத்தின் நிர்வாகத் திரை) 'அப்டேட்ஸ்' பக்கத்தில் நாலைந்தை டிக் அடித்து மொத்தமாகக் கொடுத்தால் புதுப் பக்கம் வரும், டேப்பும் சேர்ந்து சுற்றும். ஒரே வேலைக்கு இரண்டு முகம். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பட்டைக்குள் சுற்றுவது வெறும் அனிமேஷன், அவ்வளவுதான். பதில் வராத வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் சர்வர் உழைக்கிறதா, விழுந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. என் வாடிக்கையாளர் ஒருவர் ராத்திரி முழுக்க அதைச் சுற்றவிட்டு, லேப்டாப்பை மூடாமல் பக்கத்திலேயே வைத்துத் தூங்கியிருக்கிறார். காலையில் நான் இன்னொரு டேப்பில் பட்டியலைத் திறந்தால் புதுப் பதிப்பு எண் உட்கார்ந்திருக்கிறது. எப்போதோ முடிந்த வேலை.

அதனால் நிறத்தையும் சுழலையும் விடுங்கள். வேறு டேப்பில் பட்டியலைப் புதிதாகத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். அது பிளக்-இன் கோப்பிலிருந்தே படித்துக் காட்டப்படுவது. தளமே 'பராமரிப்பில் உள்ளது' என்று நின்றாலும் பதற வேண்டாம்: அப்டேட்டின்போது வேர்ட்பிரஸ் வைக்கும் ஒரு தற்காலிகக் கோப்பின் வேலை அது. 10 நிமிடம் தாண்டினால் வேர்ட்பிரஸே அதைக் கண்டுகொள்ளாது.

கேள்வி: அண்ணா, ஃபயர்பாக்ஸில் வட்டமே இல்லை. குட்டிப் பெட்டி ஒன்று, அதற்குள் மேலே எஃப்4, கீழே 63. வைரஸா?

பதில்: இல்லை தம்பி. வேர்ட்பிரஸின் அடையாளங்கள் படங்கள் அல்ல; 3.8 பதிப்பிலிருந்து அவை ஒரு எழுத்துருவுக்குள் இருக்கும் 'எழுத்துகள்'. எஃப்463 என்பது அப்டேட் அம்புக்குறியின் எண். எழுத்துரு வந்து சேரவில்லையென்றால் ஃபயர்பாக்ஸ் அந்த எண்ணையே பெட்டிக்குள் எழுதிக் காட்டும். குரோமில் பெரும்பாலும் வெறும் கட்டம்தான். செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதிக்குப் போய், பக்கங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்தலாம் என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். தமிழ் எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். விளம்பரத் தடுப்பானும் எழுத்துருவை மறித்திருக்கலாம்.

கேள்வி: அப்டேட் முடிந்த பிறகும் இடப்பக்க மெனுவில் சிவப்பு வட்டத்தில் 2 என்று நிற்கிறதே?

பதில்: வேர்ட்பிரஸ் நாளுக்கு இரண்டு முறைதான் புது பதிப்பு உண்டா என்று தானாக விசாரிக்கும். நடுவில் காட்டுவது நினைவில் வைத்த கணக்கு. 'அப்டேட்ஸ்' பக்கத்தில் 'மீண்டும் சரிபார்' இணைப்பை அழுத்துங்கள். அப்புறமும் நின்றால் அது தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) அல்லது மொழிபெயர்ப்புக்கான எண்ணாக இருக்கலாம். அந்தப் பக்கத்திலேயே கீழே இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: பிளக்-இன் பக்கத்தில் பச்சை டிக் வந்துவிட்டது. குரோமின் மூலையிலும் பச்சை. அப்படியென்றால் இரண்டுமே சரியாக இருக்கின்றன, இல்லையா சார்?

பதில்: இல்லை. வேர்ட்பிரஸில் பச்சை என்றால் முடிந்தது. குரோமின் மூன்று புள்ளி மெனுவில் பச்சை வந்தால் அப்டேட் பாக்கி, அது வெளியாகி இன்னும் 2 நாள் ஆகவில்லை என்று பொருள். ஆரஞ்சு என்றால் சுமார் 4 நாள், சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. ஒரே திரையில் இரண்டு பச்சை, இரண்டுக்கும் எதிர் அர்த்தம்.

இடையில் ஒருவர் (டிசைனராம்): பச்சை என்றால் 'போ' என்பது சிக்னலில் நிற்கும் குழந்தைக்கும் தெரியும். இதில் என்ன குழப்பம்?

பதில்: 'போ' என்றால் எங்கே போக? 'நல்லது, விடு' என்றா, 'வந்து அழுத்து' என்றா? கேள்வி கேட்டவர் முதலாவது என்று எடுத்துக்கொண்டார். தப்பு அவர் மேல் இல்லை. பிரௌசரின் முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுப் படத்தின் கதையும் இதுதான். பச்சைப் பூட்டு என்றால் நல்ல தளம் என்று ஊரே நம்பியது. அது சொன்னது இணைப்பு மறையாக்கப்பட்டது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும். 2018இல் குரோம் 69 பச்சையை எடுத்துச் சாம்பல் ஆக்கியது, 2019இல் ஃபயர்பாக்ஸ் 70 அதையே செய்தது, 2023இல் குரோம் 117 பூட்டையே தூக்கிவிட்டது.

இன்னொருவர்: எனக்குச் சிவப்பு பச்சை பிரிந்து தெரியாது. குரோமின் மூன்று நிறமும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்றே புரியவில்லை.

டிசைனர்: அதற்குத்தான் டிக் அடையாளம் இருக்கிறதே.

பதில்: வேர்ட்பிரஸில் இருக்கிறது. சுழல், டிக், கூடவே ஒரு வார்த்தை. ஆனால் மேலே பெட்டி தெரிகிறது என்ற ஃபயர்பாக்ஸ் தம்பிக்கு அந்த டிக்கே பெட்டியாகத்தான் தெரியும்! அப்போது மிச்சம் இருப்பது வார்த்தை மட்டும். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக்கூடாது என்பது 1999லேயே வந்த வெப் அணுகல்தன்மை விதி. டிசைனர் ஐயா, இதோடு விட்டுவிடலாம்; கீழே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எஃப்5 அழுத்தியும் ஃபயர்பாக்ஸில், அப்டேட்டுக்காகப் பெட்டிகளில் நான் அடித்த பழைய டிக் எல்லாம் அப்படியே இருக்கிறது. குரோமில் காலியாகிவிடுகிறது.

பதில்: படிவத்தில் இருந்ததை ரீலோடுக்குப் பிறகும் நினைவில் வைப்பது ஃபயர்பாக்ஸின் குணம். சில பக்கங்களில் சாம்பலாகிப்போன பொத்தானும் அப்படியே சாம்பலாக நிற்கும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர் கொடுங்கள். கவனம்: அந்தப் பழைய டிக்குகளோடு மறுபடி அப்டேட் கொடுத்துவிடாதீர்கள். பேக்கப் எடுத்தீர்களா?

கேள்வி: சிவப்பு வட்டத்தில் 1 போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: மேலே சொல்லியாகிவிட்டது. 'மீண்டும் சரிபார்'.

கேள்வி: வேர்ட்பிரஸின் புது பதிப்போடு பிளக்-இன் பொருந்துமா என்ற இடத்தில் 'தெரியாது' என்று வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: எந்தப் பதிப்புவரை சோதித்தேன் என்ற வரியைப் பிளக்-இன்னை எழுதியவர் இன்னும் மாற்றி எழுதவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். பொருந்தாது என்று அர்த்தமில்லை. பேக்கப் இருந்தால் பயம் எதற்கு?

கேள்வி: சமையல் தளம் ஒன்றைத் திறந்தேன். 'உங்கள் குரோம் பழசு, அப்டேட் செய்க' என்று முழுப் பக்கம் வந்தது. எட்ஜில் திறந்தால் எட்ஜ் சின்னத்தோடு அதே பக்கம். அழுத்தலாமா?

பதில்: வேண்டாம்! இது போலி. எந்தப் பிரௌசரில் வருகிறீர்கள் என்று பார்த்து அதற்கேற்ற சின்னத்தை மாட்டிக்கொள்வது இந்தக் கும்பல்களின் பழைய வழக்கம். இறங்கும் கோப்புதான் வைரஸ். பிரௌசர் அப்டேட் ஒருபோதும் ஒரு சமையல் தளத்துக்குள்ளிருந்து வராது. மெனுவில் 'உதவி', அப்புறம் 'குரோம் பற்றி'. அங்கே தெரியும் பதிப்பு எண்தான் உண்மை. அழுத்தி, கோப்பையும் திறந்துவிட்டீர்கள் என்றால் நெட்டைத் துண்டித்துவிட்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் கணினியைக் காட்டுங்கள். அந்தத் தளத்துக்காரருக்கும் தகவல் சொல்லுங்கள். பாவம், அவர் தளத்தைத்தான் யாரோ உடைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நல்ல ஹோஸ்டிங் எது?

பதில்: இங்கே வேண்டாம்.

கேள்வி: சார், சிவப்பு வட்டத்தில் 3...

பதில்: 'மீண்டும் சரிபார்'. பேக்கப்புக்கு அப்புறம்.