அந்தச் சட்டம் இருந்திருந்தால்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் பிறரைப் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரிதான் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓர் ஆசிரியை. எங்கள் ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி முகநூலில் எழுதினேன். என் படத்தை எடுத்துப் போட்டு வாய்கூசும் வார்த்தைகளால் ஏசினார்கள். வீடு தெரியும் என்று மிரட்டினார்கள். அந்தச் சட்டம் இருந்திருந்தால் அவர்களைப் பிடித்து உள்ளே வைத்திருக்கலாம் அல்லவா? இணையத்தில் கருத்துச் சுதந்திரம் வசைபாடுகிறவர்களுக்கு மட்டும்தானா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கொதித்தது. உங்களுக்கு நடந்தது குற்றம்; அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் 66ஏ இருந்திருந்தால் உள்ளே போயிருக்கக்கூடியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையே கடையடைத்துக் கிடந்தது. வடக்கே பால்கரில் 21 வயதுப் பெண் ஒருவர், ஒருவரின் மறைவுக்காக ஊரையே அடைக்க வேண்டுமா என்ற பொருளில் முகநூலில் எழுதினார். தோழி அதற்கு லைக் போட்டார். அவ்வளவுதான். ஒரு கும்பல் அந்தப் பெண்ணின் உறவினருடைய மருத்துவமனைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. போலீஸ் எழுதியவரைக் கைது செய்தது, லைக் போட்டவரையும் சேர்த்து.

எரிச்சலூட்டுவது, அசௌகரியம் உண்டாக்குவது, மனத்தைப் புண்படுத்துவது எல்லாமே அந்தப் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. எது எரிச்சல் என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. கண்மாயை வளைத்துப் போட்டவருக்கு உங்கள் பதிவு எரிச்சலாக இராதா? அவர்தான் முதல் ஆளாகப் புகாரோடு போய் நின்றிருப்பார். காவல் நிலையத்தில் யாருக்கு நாற்காலி போடுவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது இதைத்தான் தெளிவாக்கினார்கள். ஒன்றைப் பற்றி விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் அரசு கைவைக்க முடியாது. செத்துப்போன அந்தப் பிரிவின்கீழ் அதற்குப் பிறகும் காவல் நிலையங்கள் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, யார் மீதும் அதில் வழக்கு நடத்தக்கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. கையில் கிடைத்த அதிகாரத்தை யாரும் எளிதில் விடுவதில்லை.

அதே தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. இணையப் பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவை நீதிமன்றம் அப்படியே நிற்கவிட்டது. அதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, முடக்கக் கோரும் மனுக்களையும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஏன் முடக்கினார்கள் என்பதே தெரியாதவர் எதை எதிர்த்து வழக்காடுவார்? என் கவலையெல்லாம் இப்போது அங்கேதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மிரட்டலுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவு இருக்கிறது. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொற்களுக்கு 79 இருக்கிறது. இரண்டும் குறிப்பான குற்றங்கள். உங்கள் கண்மாய்ப் பதிவை இவற்றுக்குள் இழுத்துவருவது எளிதல்ல. பதிவுகளை அவர்கள் அழிப்பதற்குள் தேதியும் இணைப்பும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. பதிய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கண்மாயைப் பற்றிய பதிவை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள்.