சோயா எண்ணெயிலிருந்து சன்ஸ்கிரீன்: கேள்வி பதில்

கேள்வி: சோயா எண்ணெயில் சன்ஸ்கிரீன் மூலப்பொருள் செய்கிறார்களாமே? எண்ணெய் வெயிலைத் தடுக்குமா?

பதில்: வெறும் எண்ணெயை நம்பி வெயிலில் இறங்காதீர்கள். புற ஊதாக் கதிரை உறிஞ்சுவது ஃபெருலிக் அமிலம். அரிசித் தவிடு, மக்காச்சோளத் தோல் போன்றவற்றில் இருக்கிறது. ஆனால் எண்ணெயில் எளிதில் கரையாது. அதை எண்ணெய் மூலக்கூறோடு பிணைத்துவிட்டால் அதுவும் எண்ணெயாகவே நடந்துகொள்ளும், தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் கழுவிப் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா நகர ஆய்வகம் லிப்பேஸ் என்ற நொதியை வைத்துச் செய்தது இதைத்தான்.

கேள்வி: லிப்பேஸ் கொழுப்பை உடைக்கும் நொதி என்றுதானே படித்தோம்? அது எப்படி ஒட்ட வைக்கும்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி! குடலில் தண்ணீர் ஏராளம், அதனால் உடைக்கிறது. தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால் அதே நொதி ஆள் மாற்றி உட்கார வைக்கும். எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரால் என்ற மூன்று இருக்கைப் பலகை; மூன்றிலும் கொழுப்பு அமிலங்கள். லிப்பேஸ் அதில் ஒன்றை எழுப்பிவிட்டு, எத்தில் என்ற சிறு ஆல்கஹால் துணையோடு (எத்தில் எஸ்டராக) வந்த ஃபெருலிக் அமிலத்தை அங்கே அமர்த்துகிறது. எழுந்த கொழுப்பு அமிலம் அந்த எத்திலை எடுத்துக்கொண்டு போய்விடும். நொதியைச் சின்னச் சின்ன பிசின் மணிகளில் ஒட்டிக் குழாயில் அடைத்து, சுமார் 60 டிகிரி செல்சியஸில் எண்ணெயை அதன் வழியே ஓடவிடுவார்கள். மணிகள் அங்கேயே தங்கிவிடுவதால் திரும்பத் திரும்பப் பயன்படும். தனியாகக் கரைப்பானும் தேவையில்லை.

கேள்வி: சாதாரண ரசாயன முறையில் செய்தால் என்ன?

பதில்: நொதிக்குப் பதிலாகக் காரம் (அமிலத்துக்கு நேரெதிரான ரசாயனம்) சேர்த்தால் ஃபெருலிக் அமிலம் ஆக்சிஜனேற்றமாகி நிறம் கறுக்கும். நொதி அவ்வளவு முரட்டுத்தனம் காட்டாது. ஆனால் விலை அதிகம், வேலையும் மெதுவாக நடக்கும்.

கேள்வி: அப்போ பவளப்பாறைக்குப் பாதுகாப்பு என்று சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பவளப்பாறையைக் காக்க, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற புற ஊதாத் தடுப்பு ரசாயனங்களில் ஏதாவது ஒன்று கலந்தாலும் அந்தச் சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லேயே தடை செய்துவிட்டது. இதில் ஆக்டினாக்ஸேட்டும் ஃபெருலிக் அமிலமும் ஒரே சின்னமிக் அமிலக் குடும்பம்தான்! செடியிலிருந்து வந்தது என்பதே சான்றிதழ் ஆகாது. கடல் உயிர்கள் மீது தனியாகச் சோதித்த பிறகுதான் பேச முடியும்.

கேள்வி: ஃபெருலிக் அமிலப் பொடியை வாங்கி வீட்டிலேயே எண்ணெயில் கலக்கட்டுமா?

பதில்: வேண்டாமே. பொடி அடியில் படியும், பூசினால் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். அப்புறம், இந்த அமிலம் பிடிப்பது பெரும்பாலும் புற ஊதா பி கதிரையும் அதை ஒட்டிய கொஞ்சத்தையும்தான். அலைநீளம் 400 நானோமீட்டர் வரை நீளும் புற ஊதா ஏ கதிருக்குத் துத்தநாக ஆக்சைடு மாதிரி வேறொன்று துணைக்கு வேண்டும்.