பயிற்சிக்கு 90,000 ரூபாய் கட்ட நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஊத்துக்கோட்டை பக்கம் ஊர். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எட்டு வருடம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு ஏஜென்சி, அப்புறம் ஆறு வருடம் இன்னொரு ஏஜென்சி. கைக்கு 15,500 ரூபாய் வந்தது. போன மாதம் ஆட்குறைப்பு என்று எங்கள் பேட்ச்சையே நிறுத்திவிட்டார்கள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மாதம் 14,000 தேறும். வீட்டுச் செலவு 22,000 ஆகிறது. சேமிப்பு 40,000, நகை ஐந்து பவுன், பிஎஃப்பில் சுமார் இரண்டு லட்சம் இருக்கிறது. ஒரு தனியார் பயிற்சி மையத்தில் நான்கு மாத ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ கோர்ஸ் சேர்ந்தால் 18,000 சம்பளத்தில் வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டணம் 90,000. முன்பணம் 5,000 கட்டிவிட்டேன். மீதிக்கு நகையை வைப்பதா, பிஎஃப்பை எடுப்பதா? அரசாங்கப் பயிற்சி இலவசம் என்கிறார்கள், அதனால் பிரயோஜனம் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நகையும் பிஎஃப்பும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அந்த 90,000 ரூபாய் கோர்ஸ் உங்களுக்கு வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். கட்டணம் 90,000. மீதி 85,000க்கு அடகுக் கடையில் மாதம் ஒன்றரை வட்டி என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு வட்டி மட்டும் 15,300. படிக்கும் நான்கு மாதமும் வேலைக்குப் போக முடியாது. பழைய சம்பளத்தில் கணக்கிட்டால் அது 62,000. மொத்தம் 1,67,300 ரூபாய். அவர்கள் சொல்கிறபடியே 18,000 கிடைத்தாலும், பழைய சம்பளத்தைவிட மாதம் 2,500தான் கூடுதல். போட்டதை எடுக்க ஐந்தரை வருடம் ஆகும். ‘நிச்சயம்’ என்ற சொல்லை அவர்கள் எழுத்தில் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லாமல் மூன்று மாதப் பயிற்சி என்றால் உங்கள் செலவு விட்டுப்போன சம்பளம் 46,500 மட்டுமே. அதே 2,500 கூடுதலில் ஒன்றரை வருடத்தில் ஈடுகட்டிவிடலாம்.

பயிற்சியில் பெரிய செலவு சம்பளம் இல்லாத அந்த மாதங்கள்தான். எனவே பயிற்சியைத் தேடுவதற்கு முன்னால், உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குங்கள். கான்ட்ராக்டில் இருந்தவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

முதலாவது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. உங்களுக்கு மாதாமாதம் பிடித்திருப்பார்கள். வேலை இழந்தவர்களுக்காக இஎஸ்ஐயில் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்று ஒரு திட்டம் 2018இல் வந்தது. சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள். வாழ்நாளில் ஒரு முறைதான் வாங்க முடியும். வேலை போவதற்கு முன் இரண்டு வருடமாவது இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் எட்டு வருடம் இருந்திருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்துக்குச் சுமார் 23,000 ரூபாய் வரும். குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்து, அவ்வப்போது நீட்டித்து நடத்தும் திட்டம் இது. அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் இஎஸ்ஐ எண்ணோடு இணைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்தால், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. முதல் ஏஜென்சியின் இரண்டு வருடத்துக்குக் கிடைக்காது. இரண்டாவது ஏஜென்சியின் ஆறு வருடத்துக்கு உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,000 என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, ஆறு வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 38,000 ரூபாய். ஏஜென்சிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தராமல் இழுத்தடித்தால் முறையிட வேண்டிய இடம் ஆந்திரத் தொழிலாளர் துறை அலுவலகம், ஏனென்றால் ஆலை இருப்பது அந்தப் பக்கம். திருவள்ளூருக்கு அலைந்தால் இரண்டு மாதம் வீணாகும்.

பிஎஃப்பை ஏன் தொட வேண்டாம் என்கிறேன்? 2024-25க்கு அதில் 8.25 சதவீத வட்டி. அதைவிட முக்கியம், பென்ஷன். பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து மாதப் பென்ஷன் உண்டு. உங்களுக்கு எட்டு ஆகிவிட்டது, இன்னும் இரண்டுதான் பாக்கி. பணத்தேவைக்காக 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த எட்டு வருடமும் கணக்கிலிருந்து போய்விடும். பழைய ஏஜென்சியின் கணக்கு இன்னும் தனியாக நிற்கிறதா என்று உங்கள் எல்லா பிஎஃப் கணக்குக்கும் பொதுவான யுஏஎன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நின்றால் புதியதோடு சேர்த்துவிடுங்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். உங்களுக்கு வேலை தெரியாது என்பது பிரச்சினை இல்லை. எட்டு வருடம் லைனில் நின்றவர் நீங்கள். அதைச் சொல்ல ஒரு தாள்தான் உங்களிடம் இல்லை. மத்திய அரசின் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில், முன்பே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆர்பிஎல் என்பார்கள். 18 முதல் 59 வயது வரை சேரலாம். சில நாள் அறிமுகப் பயிற்சி, அப்புறம் தேர்வு. மாதக்கணக்கில் சம்பளத்தை விட வேண்டியதில்லை. உங்களுக்கு முதலில் பொருந்துவது இதுதான். அதே திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சிக்கு வயது வரம்பு 45, அதற்கும் கட்டணம் இல்லை.

இலவசம் என்றால் தரம் இருக்குமா என்று கேட்டீர்கள். மையத்தைப் பொறுத்தது. நன்றாக நடக்கும் இடமும் உண்டு, சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பும் இடமும் உண்டு. சேரும் முன்பு போன பேட்ச்சில் படித்த இரண்டு பேருடைய போன் எண்ணைக் கேளுங்கள். எந்தக் கம்பெனியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். எண் தரத் தயங்கும் மையத்தில் சேர வேண்டாம்.

எல்லையோரத்தில் இருப்பதால் ஒன்றைக் கவனியுங்கள். மாநில அரசின் பயிற்சிகளுக்கு முகவரிச் சான்று பார்ப்பார்கள். உங்கள் ஆதார் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தால் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளைத்தான் பார்க்க வேண்டும். சத்தியவேடு பக்கம் ஆந்திர அரசு நடத்துவதற்காக அலைய வேண்டாம். மத்திய அரசுத் திட்டங்களுக்கு இந்தக் கோடு இல்லை. போக்குவரத்தையும் யோசியுங்கள்: நம் பக்கம் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

அரசு ஐடிஐயையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பு இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை உண்டு. அந்தப் படிப்புக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ வருமானம் நிற்கும். உங்கள் வீட்டுக் கணக்கு இப்போது அதைத் தாங்காது. சொந்தமாகத் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசப் பயிற்சி தருகிறார்கள்.

வேலை தேடுவதற்குத் திருவள்ளூர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. அங்கே பதிவு மட்டும் செய்துவிட்டு வராதீர்கள், ஆலோசனை கேளுங்கள். அதற்கும் காசு இல்லை. பல மாவட்டங்களில் தனியார் கம்பெனிகளை அழைத்து முகாமும் நடத்துகிறார்கள். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்திலும், மத்திய அரசின் நேஷனல் கரியர் சர்வீஸ் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பயோடேட்டாவில் தமிழும் தெலுங்கும் பேசுவேன் என்று மேலேயே எழுதுங்கள். கும்மிடிப்பூண்டியிலும் ஸ்ரீசிட்டியிலும் இரு மொழிக்காரர்களையும் வைத்து லைன் நடத்தும் சூப்பர்வைசர் வேலைக்கு அது பெரிய பலம். மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மட்டும் நம்பியிருக்க வேண்டாம்: குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும், உங்கள் கணவர் வருமானமே 1,68,000.

வீட்டுக் கணக்கில் மாதம் 8,000 துண்டு விழுகிறது. சேமிப்பு 40,000 ஐந்து மாதம் தாங்கும். இஎஸ்ஐ பணம் 23,000 வந்தால் ஏழு மாதத்தைத் தாண்டும். கிராஜுவிட்டியும் கைக்கு வந்தால் ஒரு வருடத்தைத் தாண்டும். மூன்று மாதப் பயிற்சிக்கும், அதன் பிறகு பொறுமையாக வேலை தேடவும் அந்த நாள் போதும்.

கட்டிய 5,000? ரசீதை வைத்து, சேரவில்லை, திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். திரும்ப வராமலே போனாலும், அந்த 5,000 வீணாகக் கூடாது என்பதற்காக மீதி 85,000ஐக் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள்.