மடிக்கணினி டிரைவர் பேட்ச்களைச் சரிபார்ப்பது: கேள்வி பதில்

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் மடிக்கணினிகளுக்கென்றே உள்ள, வன்பொருளை இயக்கும் டிரைவர்களுக்கு, அதாவது திங்க்பேட் ஏசிபிஐ, ஆசுஸ் டபிள்யூஎம்ஐ, ஐடியாபேட் லேப்டாப் போன்றவற்றுக்கு, வரும் பேட்ச்கள் (திருத்தமாக அனுப்பப்படும் நிரல் மாற்றங்கள்) பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு பேட்ச் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பதில்: நிரலுக்கு முன் விளக்கக் குறிப்பைப் படிப்பேன். எந்த மாடலில் என்ன கோளாறு, மாற்றிய பின் எதைச் சோதித்தார்கள் என்பது அதில் இல்லையென்றால் மேலே போகாமல் கேட்டுவிடுவேன். அடுத்து, எழுதியவரிடம் இல்லாத எந்தெந்தக் கணினிகளில் இந்த நிரல் ஓடப்போகிறது என்று பார்ப்பேன். டிஎம்ஐ என்பது பயாஸ் தரும் கணினி விவரம்; அதைக் கொண்டு மாடலை அடையாளம் காணும் டிஎம்ஐ மேட்ச் என்னும் மேக்ரோவுக்குப் பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும்; ஆகவே ஒரே மாடலைக் குறித்ததாக நினைத்தவர், அதே பெயரின் பின்னால் 'புரோ' ஒட்டிவரும் வேறொரு மாடலையும் சேர்த்து இழுத்திருப்பார். முழுப்பெயரும் பொருந்த வேண்டுமென்றால் டிஎம்ஐ எக்ஸாக்ட் மேட்ச் இருக்கிறது.

அதன்பிறகு ஃபர்ம்வேர், அதாவது கணினிக்குள்ளேயே உற்பத்தியாளர் பதித்த மென்பொருள், தரும் விடை. ஃபர்ம்வேரிடம் பேசும் இடைமுகமான டபிள்யூஎம்ஐ வழியாகக் கேட்டால் திரும்பி வரும் ஏசிபிஐ பொருள் (ஃபர்ம்வேர் தரும் தரவு) ஒரு மாடலில் முழு எண்ணாகவும் இன்னொன்றில் பஃபராகவும் (பைட்களின் தொகுப்பாகவும்) இருக்கும். சில சமயம் ஒன்றுமே வராது. வகையைச் சோதிக்காமல் எண்ணாகவே படிக்கும் நிரல், 64 பிட் கணினியில் பஃபரின் நினைவக முகவரியையே விசிறியின் வேகம் என்று காட்டும். அந்தப் பொருளின் நினைவகத்தைப் பிழை நேரும் பாதைகளிலும் விடுவிக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். புதியவர்களின் பேட்ச்களில் நான் மிகுதியாகக் காணும் குறை இதுதான்.

கேள்வி: ஒரு வரியில் 80 எழுத்துகளா, 100 எழுத்துகளா?

பதில்: பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி 2020 முதல் 100 வரை பொறுத்துக்கொள்கிறது. அனுப்புமுன் அதை ஓட்டிப் பாருங்கள். அது சொல்லக்கூடியதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்க 'பேட்டரி லிமிட்' என்றொரு புதிய சிஸ்எஃப்எஸ் கோப்பை (கெர்னலின் அமைப்புகளைப் பயனர் படிக்கவும் மாற்றவும் உதவும் கோப்பு) சேர்த்தேன். நன்றாக வேலை செய்தும் ஏற்க மறுத்தார்கள். ஏன்?

பதில்: பயனர் நிரல்கள் ஒரு முறை நம்பத் தொடங்கிய கோப்பை நாம் எளிதில் எடுத்துவிட முடியாது. பேட்டரி முழுதாக ஏறாமல் தடுக்கும் ஐடியாபேட் டிரைவரின் 'கன்சர்வேஷன் மோடு' கோப்பு இன்றும் இருப்பது, அதை நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட்களுக்காக. உங்கள் தேவைக்கு 'சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்டு' என்னும் பொதுப் பெயர் பவர் சப்ளை பிரிவில் முன்பே உண்டு. அதைப் பின்பற்றினால் டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவிகள் உங்கள் மடிக்கணினியைத் தனியாக அறியாமலேயே கையாளும். உங்கள் ஃபர்ம்வேர் சில குறிப்பிட்ட அளவுகளை மட்டும் ஏற்குமானால், எழுதப்பட்ட எண்ணை அருகிலுள்ள அளவுக்கு மாற்றி, திரும்பப் படிக்கும்போது உண்மையில் நிறுவப்பட்ட எண்ணையே காட்ட வேண்டும் என்று ஏபிஐ ஆவணம் சொல்கிறது.

கேள்வி: சார், என் மாடல் டிரைவரின் பட்டியலில் இல்லை. எப்படிச் சேர்ப்பது?

பதில்: டிஎம்ஐடிகோடு கருவி காட்டும் மாடல் பெயரையும், ஏசிபிஐடம்ப் கருவி தரும் ஃபர்ம்வேர் அட்டவணைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள அண்டை மாடலின் அட்டவணையோடு அதே மெத்தட்களை (ஃபர்ம்வேரின் செயல்கூறுகளை) ஒப்பிடுங்கள். பின்னர் கெர்னலைக் கட்டி, டிரைவர் தரும் ஒவ்வொரு வசதியையும், தூங்கி எழுந்த பின்னும் சோதித்து அனுப்புங்கள். ஒப்பிடாமல், விசைப்பலகை, விசிறி போன்றவற்றைக் கவனிக்கும் சிறு சில்லான எம்பெடட் கன்ட்ரோலரின் பதிவேடுகளில் ஊகத்தில் எதையும் எழுதிப் பார்க்காதீர்கள். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10இன் பதிவிறக்கத்தை நிறுத்த நேர்ந்தது நினைவிருக்கலாம்: பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சில்லை அணுகும் இன்டெல் எஸ்பிஐ டிரைவர் இயக்கப்பட்டிருந்ததால் சில லெனோவோ மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளை மாற்றிச் சேமிக்கவே முடியாமல் போனது.

கேள்வி: விண்டோஸில் உற்பத்தியாளரின் செயலி பட்டியல் இல்லாமல்தானே ஓடுகிறது? பட்டியலை நீக்கிவிட்டு, ஃபர்ம்வேரையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே?

பதில்: உற்பத்தியாளருக்குத் தன் ஃபர்ம்வேர் எதுவென்று தெரியும், நமக்குத் தெரியாது. ஃபர்ம்வேர் உண்மை சொல்லும் இடங்களில் கேட்கத்தான் செய்கிறோம்: ஐடியாபேட் டிரைவர் வசதிகளின் பிட்களைப் படிக்கிறது, ஆசுஸ் டிரைவர் ஒரு சாதனம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே அதைத் தொடுகிறது.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் எல்லா இடத்திலும் அதையே செய்யலாமே. பட்டியல் எப்போதும் சந்தைக்குப் பின்னால்தான் வருகிறது.

பதில்: பின்னால் வருவது உண்மை. ஆனால் 'டேப்லெட் மோடு' சுவிட்சைப் பாருங்கள். திரையைத் திருப்பவே முடியாத சாதாரண மடிக்கணினிகளின் ஃபர்ம்வேர்கூடத் தன்னிடம் அந்தச் சுவிட்ச் இருப்பதாகவும், அது இப்போது டேப்லெட் நிலையில் இருப்பதாகவும் சொன்னது. உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் அதை நம்பி விசைப்பலகையையும் டச்பேடையும் அணைத்துவிட்டது. உடற்கூட்டின் வகை எண்ணைப் பார்க்கலாம், 31 என்றால் மடக்கித் திருப்பக்கூடியது, 32 என்றால் கழற்றக்கூடியது. ஆனால் அந்த எண்ணையும் நிரப்புவது அதே ஃபர்ம்வேர்தான். அதனால்தான் அந்தச் சுவிட்சைக் கையாளும் இன்டெல் விபிடிஎன் டிரைவரில் அனுமதிப் பட்டியல் வைக்க நேர்ந்தது.

கேள்வி (வேறொருவர்): இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பொய் சொல்லும் ஒரு சில மாடல்களை மட்டும் தடைப்பட்டியலில் வைத்தால் போதாதா?

பதில்: நல்ல கேள்வி, இதில் சரிபார்ப்பவர்களே ஒத்துப்போவதில்லை. என் அளவுகோல், தவறினால் என்ன ஆகும் என்பது. வெறுமனே படிக்கும் வசதிக்கும், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் அமைப்புக்கும் தடைப்பட்டியல் போதும். விசைப்பலகையே முடங்கக்கூடிய, அல்லது ஃபிளாஷில் நிலைத்துவிடக்கூடிய எதற்கும் அனுமதிப் பட்டியல் வேண்டும். ஏனெனில் தடைப்பட்டியலில் ஒரு மாடல் சேர வேண்டுமென்றால், முதலில் யாரோ ஒருவரின் கணினி கெட வேண்டும்.

கேள்வி (முதல் நண்பர்): பட்டியலில் இல்லாதவர் என்ன செய்வார்?

பதில்: பட்டியலை மீறி இயக்க ஒரு மாட்யூல் பாராமீட்டர் (டிரைவரை ஏற்றும்போது பயனர் தரும் அமைப்பு) வைக்கலாம், தெரிந்து கேட்பவர் தெரிந்தே இயக்கட்டும். அவருடைய சோதனை முடிவே அடுத்த பேட்சாக வரும். இந்த வாதத்தை இங்கே நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, என் மாடலும் பட்டியலில் இல்லை.

பதில்: மேலே சொன்னதேதான். ஊகத்தில் எழுதிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: விசிறியைக் கைமுறையாகக் கட்டுப்படுத்தும் வசதியைச் சேர்க்கிறேன். எதைக் கவனிப்பார்கள்?

பதில்: கட்டுப்பாட்டை எப்போது ஃபர்ம்வேரிடம் திருப்பித் தருகிறீர்கள் என்பதை. விசிறியின் கட்டுப்பாட்டு முறையைக் குறிக்கும் பிடபிள்யூஎம்1 எனேபிள் கோப்பில் 1 என்பது கைமுறை, 2 என்பது தானியங்கி. டிரைவரை இறக்கும்போது தானியங்கிக்குத் திரும்ப வேண்டும். தூங்கி எழுந்தால் எந்த நிலை என்பதை முடிவுசெய்து குறிப்பில் எழுத வேண்டும். விசிறியை நிறுத்திவிட்டுப் பயனர் நிரல் செத்துப்போனால் என்ன ஆகும்? திங்க்பேட் டிரைவரில் இயல்பாக விசிறிக் கட்டுப்பாடு அணைந்தே இருக்கும்; இயக்கினாலும் பயனர் நிரலிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் விசிறியை மீண்டும் இயக்கும், 120 வினாடி வரை அமைக்கக்கூடிய ஒரு காவல் கடிகாரம் உண்டு. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: வைஃபை விட்டுவிட்டு அறுகிறது.

பதில்: வயர்லெஸ் பிரிவினரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மாடல் பட்டியலில்...

பதில்: மேலே.

கேள்வி: பேட்ச் அனுப்பி இரண்டு வாரமாகியும் பதில் இல்லை. மறுபடி அனுப்பலாமா?

பதில்: அடுத்த கெர்னலுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடக்கும் இரண்டு வாரங்களில் புதிய வசதிகளை யாரும் பார்க்க மாட்டார்கள், முதல் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரும்வரை பொறுங்கள். அதற்குப் பின்னும் மௌனம் என்றால் அதே பேட்ச் மடலுக்கு மறுமொழியாக ஒரு வரி நினைவூட்டல் போதும். புதிய மாடலை டிஎம்ஐ பட்டியலில் சேர்ப்பது மட்டுமே உங்கள் மாற்றம் என்றால் அதைத் தனிப் பேட்சாகப் பிரித்துவிடுங்கள். அது திருத்தங்களோடு ஆர்சி காலத்திலேயே போகும், ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் தரும் ஸ்டேபிள் கெர்னலுக்கும் தகுதி பெறும்.