பழைய டெலிபோன் வயரில் நெட் ஓடுமா?

லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்ட வீடுகளில் சுவருக்குள் பழைய டெலிபோன் வயர் சும்மா கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கீழே ஹாலில் ஃபைபர் மோடம். வீடு பழசு, சுவர் ஒன்றரை அடி கனம். மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. அந்த அறைக்கு அப்பா காலத்திலேயே டெலிபோன் வயர் இழுத்திருக்கிறோம். அதில் லேன் (வயர் வழி நெட்) கொடுக்கலாமா? – காரைக்குடி வாசகர்

முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மாடியில் உள்ள டெலிபோன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். எதையும் வாங்குவது அதற்கு அப்புறம்தான். உள்ளே எத்தனை இழை இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டே இழை என்றால் சாதாரண லேன் ஓடாது. நான்கு இழை இருந்து, இரண்டிரண்டாக முறுக்கியும் இருந்தால் 100 எம்பிபிஎஸ் வரை முயன்று பார்க்கலாம். அந்த வேகத்துக்கு நான்கு இழை போதும். முறுக்காமல் பட்டையாக ஓடும் வயர் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். எட்டு இழை இருந்தால் லாட்டரி அடித்த மாதிரி. சில அடுக்ககங்களில் டெலிபோனுக்கே லேனுக்கான கேட்5 கேபிளைப் போட்டிருப்பார்கள். என் மாமா வீட்டில் அப்படித்தான் இருந்தது: நீலமும் நீல வெள்ளையும் மட்டும் திருகாணியில், மீதி ஆறு இழையும் கேபிள் மேலேயே பின்னால் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தன. பல வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் வைஃபை வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் ஆர்ஜே45 என்ற லேன் சாக்கெட் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்து, வயர் நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். டெலிபோன்காரர்கள் ஹாலில் இருந்து பெட்ரூம், பெட்ரூமில் இருந்து மாடி என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிப் போயிருப்பார்கள். போனுக்கு அது போதும், லேனுக்கு ஆகாது. பழைய லைனும் போனும் கழற்றியிருக்கும்போது, மாடி முனையில் இரண்டு இழையை முறுக்கி ஒட்டவைத்து, கீழே மல்டிமீட்டரில் பாருங்கள். பீப் கேட்க வேண்டும். மேலே பிரித்ததும் நிற்க வேண்டும். பிரித்த பிறகும் கேட்டால் வழியில் எங்கோ இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒழுங்காக நின்றாலும், நடுவில் உள்ள பாக்ஸ்களையும் ஒருமுறை திறந்து, கிளை பிரிகிறதா, டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நான்கு இழையில் போடுவதானால், லேன் சாக்கெட்டில் உள்ள எட்டுப் பின்களில் ஒரு ஜோடி 1, 2-லும், இன்னொரு ஜோடி 3, 6-லும் போக வேண்டும். ஜோடியைப் பிரித்து மாற்றிப் போட்டால் போர்ட்டின் விளக்கு எரியும், ஆனால் நெட் தடுமாறும். இன்னொரு வம்பும் உண்டு. இரண்டு பக்கமும் கிகாபிட் (ஆயிரம் எம்பிபிஎஸ்) போர்ட் என்றால், 1-2, 3-6 ஜோடிகளிலேயே பேசி முடித்து “ஆயிரத்தில் போகலாம்” என்று ஒத்துக்கொள்ளும். ஆயிரத்துக்கு எட்டு இழையும் வேண்டும், அது இல்லை என்பது அப்புறம்தான் தெரியும். விளக்கு எரிந்து எரிந்து அணையும். சில கருவிகள் தாமாகவே நூறுக்கு இறங்கிக்கொள்ளும், சில பிடிவாதம் பிடிக்கும். நடுவில் ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சை (லேனைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் பெட்டி) வைத்தால் சண்டை தீரும். உங்கள் பிளான் 60 எம்பிபிஎஸ்தான் என்றால் இதில் நஷ்டமும் இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டே இழைதான். சுவரை உடைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். வேறு வழி? – கோவை வாசகர்

இரண்டு இழையில் ஓடும் பெட்டிகள் உண்டு. விடிஎஸ்எல் எக்ஸ்டெண்டர் என்று கேளுங்கள். ஜோடியாக வாங்க வேண்டும்: ஒன்று மோடம் பக்கம், ஒன்று மாடியில். டெலிபோன் வயரிலேயே நெட்டை அனுப்பி டெலிபோன் கம்பெனி தெருவில் செய்த வேலையை இவை உங்கள் வீட்டுக்குள் செய்கின்றன. ஜி.எச்என் என்ற முறையில் ஓடும் பெட்டிகளும் உண்டு, வேகம் அதிகம். வீட்டுக்குள் இருபது முப்பது மீட்டர் இவற்றுக்கு ஒரு தூரமே இல்லை. ஆனால் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது போவதையும் வருவதையும் கூட்டிப் போட்ட கணக்கு.

விலையைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். யோசியுங்கள், நல்லதுதான். என் கணக்கில் அந்த வயரைவிட அது ஓடும் பைப்தான் சொத்து. கன்சீல்டு வயரிங் என்றால் டெலிபோனுக்குத் தனி பிவிசி பைப் இருக்க வாய்ப்பு அதிகம். கேட்6 கேபிளின் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் பைப்பில் தாராளமாகப் போகும். பழைய வயரின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி, முடிச்சு தடிக்காமல் டேப்பைச் சாய்வாகச் சுற்றி, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டி உள்ளே விட்டுவிடுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். வளைவில் மாட்டிக்கொண்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். பழைய வயர் பாதியில் அறுந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வயரிங் ஸ்பிரிங் விட்டுத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இரண்டு எச்சரிக்கை. கரண்ட் வயர் ஓடும் பைப்பில் லேன் கேபிளை நுழைக்காதீர்கள். கேபிள் வாங்கும்போது சிசிஏ என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் ஒடியும்.

அமெரிக்காவில் இருக்கும் பையன் பழைய ‘ஹோம்பிஎன்ஏ’ பெட்டிகள் இரண்டு கொண்டுவந்து கொடுத்தான். இங்கே ஓடுமா? – திருநெல்வேலி வாசகர்

ஓடும். செம்புக்கு நாடு ஏது? அடாப்டருக்குத்தான் உண்டு: அதன் மேல் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெறும் 120 என்றிருந்தால் நம்ம ஊர் 230-இல் புகைதான் வரும்.

அங்கே அறைக்கு அறை டெலிபோன் சாக்கெட் வைப்பது வழக்கம். அதை நம்பித்தான் 1998-இல் சில கம்பெனிகள் கூடி, வீட்டு டெலிபோன் வயரிலேயே கம்ப்யூட்டர்களை இணைக்கும் இந்த முறையைத் தொடங்கின. முதல் பதிப்பு 1 எம்பிபிஎஸ், இரண்டாவது 10, மூன்றாவது 128. வயர் கிளை கிளையாகப் பிரிந்தாலும் சமாளிக்கும், அதுதான் இதன் நல்ல குணம். உங்களிடம் இருப்பது இரண்டாவது பதிப்பு என்றால் மெயில் பார்க்கலாம், பிரிண்டரை இணைக்கலாம். மூன்று பேர் மூன்று அறையில் வீடியோ பார்க்கும் வீட்டுக்கு அது காணாது.

ஃபைபர் வந்த பிறகு போன் மோடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. அம்மா அறையிலும் மணி அடிக்க வேண்டும். பழைய வயர் உதவுமா? – மாம்பலம் வாசகி

பழைய வயருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. மோடத்தின் போன் போர்ட்டில் இருந்து ஒரு வயரை ஹாலில் உள்ள பழைய சாக்கெட்டில் செருகினால், வீட்டில் உள்ள மற்ற சாக்கெட்டுகளிலும் போன் உயிர் பெறும். ஆனால் அதற்கு முன் தெருவிலிருந்து வரும் பழைய லைனை வாசல் பாக்ஸிலேயே கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். லைன் செத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்து 48 வோல்ட் இன்னும் வந்துகொண்டிருந்தால் மோடம் போர்ட்டுக்கு ஆபத்து. வராவிட்டாலும், மழைக்காலத்தில் மின்னலை வீட்டுக்குள் கூட்டிவரும் வழி அது. நான் சோம்பேறித்தனமாக அப்படியே விட்டு, ஒரு ஐப்பசி இடியில் மோடத்தையும் அதோடு சேர்த்து ஸ்விட்சையும் பறிகொடுத்தவன்.

டெலிபோன் பின் லேன் ஓட்டையில் சரியாக உட்காருகிறதே, அப்படியே மாட்டினால் என்ன? – நாகர்கோவில் வாசகர்

உட்காரும், ஆனால் ஓரத்து பிளாஸ்டிக் லேன் போர்ட்டின் கடைசிப் பின்களை அமுக்கி வளைத்துவிடும். உயிரோடு இருக்கும் லைன் என்றால், மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட்டோ அதற்கு மேலோ ஏசி வரும். விளையாட வேண்டாம்.

வயரே வேண்டாம், கரண்ட் பிளக்கில் செருகும் பவர்லைன் அடாப்டர் எப்படி? – சேலம் வாசகர்

வீட்டுக்கு வீடு மாறும். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஹால் ஒரு ஃபேஸ், மாடி இன்னொரு ஃபேஸ் என்றால் வேகம் படுத்துவிடலாம். ஸ்பைக் பஸ்டரில் செருகாமல் நேரே சுவரில் செருகுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று சொல்லும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

என் வீட்டுக்கும் பின்தெருவில் தம்பி வீட்டுக்கும் 70 மீட்டர். பழைய டெலிபோன் வயர் ஒன்று கம்பத்தில் தொங்குகிறது. அதில் நெட் கொடுக்கலாமா? – தஞ்சாவூர் வாசகர்

கொடுக்காதீர்கள். கம்பத்தில் தொங்கும் வயர் உங்களுடையதும் இல்லை. சொந்தமாகச் செம்பு வயர் போட்டாலும், இரண்டு வீட்டுக்கும் எர்த் வேறு வேறு, நடுவில் திறந்தவெளி. இடி விழுந்தால் இரண்டு வீட்டுக் கருவிகளும் சேர்ந்து போகும். ஒற்றை ஃபைபர் இழையும், லேனை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போதும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. கன்வெர்ட்டரை ‘ஏ’ ஒன்று, ‘பி’ ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பினால் மற்றது 1550-இல் அனுப்பும். ஒரே மாதிரி இரண்டு வாங்கிவந்து விளக்கு எரியவில்லை என்று கடையோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயின்ட் அடிக்கிறோம். பழைய டெலிபோன் வயரை வெட்டிப் போட்டுவிட்டு ஓட்டையைப் பூசிவிடலாமா? – திருச்சி வாசகி

பாக்ஸைக் கழற்றுங்கள், வயரைச் சுருட்டி உள்ளே தள்ளி மேலே ஒரு வெற்றுத் தட்டைத் திருகி வையுங்கள். பூசிவிட்டால் அந்தப் பைப்பும் போச்சு. பெயின்டர் வருவதற்கு முன்னாலேயே கேபிள் வாங்கி இழுத்துவிட்டால் இன்னும் சௌகரியம்.