வயலை ஈடு வைத்து டிப்ளோமா வேண்டாம், பெடியன் லேத் பழகட்டும்

தருமபுரத்து அம்மாவுக்கு,

மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுத்து இரண்டு சி, ஒரு எஸ். இசட் புள்ளி கம்பசுக்குக் காணாது. கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி, வயலை ஈடு வைத்தாவது பெடியனை அங்கே பிஸ்னஸ் மனேஜ்மென்ட் டிப்ளோமாவுக்கு அனுப்பச் சொல்கிறார். ஏஜென்சிக்கு முற்பணம் கட்ட நாளும் குறித்தாயிற்று. இரண்டு சி, ஒரு எஸ் குடி முழுகிப் போகிற பெறுபேறு அல்ல, அம்மா. அந்த முற்பணத்தைக் கட்டினால்தான் குடி முழுகும்.

கணக்கைப் பாருங்கள். படிப்புக் கட்டணம், விமானச் சீட்டு எல்லாவற்றுக்கும் மேலாக, தனி மாணவர் ஒருவர் வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகையைக் கனடா 2025 செப்டெம்பரில் 22,895 டொலராக உயர்த்தியது. முன்பு பெரும்பாலான டிப்ளோமாக்களுக்குப் படிப்பு முடிந்ததும் வேலை அனுமதி கிடைத்தது. 2024 நவம்பருக்குப் பிறகு மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அப்படி இல்லை; கல்லூரி டிப்ளோமா என்றால் படித்த துறை அரசாங்கத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். கைத்தொழில்கள் அதில் இருக்கின்றன, பொதுவான வணிக முகாமைத்துவம் இல்லை. ஏஜென்சிக்காரர் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

வயலோ குடியேற்றத் திட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தோடு தந்த பெர்மிற் காணி. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ தனியாரிடம் ஈடு வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. வெறும் கடதாசியில் ஒப்பம் வைத்துக் காசு வாங்கினால், நாளைக்குப் பிரச்சினை என்று வரும்போது வழக்குக்கும் போக முடியாது, பெர்மிற்றுக்கும் ஆபத்து. வயலைத் தொடாதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியது நாலே வரி. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கழற்றிப் பூட்டுவான், பக்கத்து வெல்டிங் பட்டறையில் பொழுது போக்குவான், நாலு பேருக்கு முன்னால் எழும்பிக் கதைக்கமாட்டான், மாமா போன் எடுத்தால் "ஓம் மாமா" என்று மட்டும் சொல்வான். இந்தப் பிள்ளையையா மனேஜ்மென்ட் படிக்க அனுப்பப் போகிறீர்கள்? உங்கள் தம்பியே பிராம்டனில், கணினியால் இயங்கி இரும்பு வெட்டும் சீஎன்சி மெசினில் நிற்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கே வீடு வாங்கியதும் இங்கே தங்கச்சியின் கலியாணத்தை ஒப்பேற்றியதும் மெசின் காசில்தான். மருமகனுக்கு மட்டும் அது ஆகாதென்றால், எண்ணெய்க் கையைப் பார்த்துச் சொந்தங்கள் என்ன சொல்லும் என்ற பயம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறுமுறை பரீட்சை, கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, பொலிஸ் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெசின் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. என்ஜின் கழற்றுகிற எல்லாப் பெடியளும் மெசினிஸ்ட் ஆகமாட்டார்கள். மெக்கானிக் தேய்ந்த சாமானைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிறார். மெசினிஸ்ட் அந்தச் சாமானை இரும்பிலிருந்து கடைந்து எடுக்கிறார். பொறுமை வேறு விதமானது. சோதித்துப் பார்க்கச் செலவே இல்லாத வழி உண்டு. 50 மில்லிமீற்றர் சதுரமும் 20 மில்லிமீற்றர் தடிப்புமான இரும்புக் கட்டை ஒன்றை வைஸில் பூட்டி, அரத்தால் மட்டமாக்கச் சொல்லுங்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடையில் ஒளி தெரியக்கூடாது. அரம் முன்னுக்குப் போகும்போது கை தாழ்ந்தால் ஓரம் உருண்டு நடு மேடாகும். எல்லாருக்கும் அதுதான் நடக்கும். ஒரு கிழமைக்குப் பிறகும் அவன் தானாகவே திரும்பிக் கட்டையிடம் போகிறானா என்று பாருங்கள். எறிந்துவிட்டான் என்றால் மோட்டார் மெக்கானிக் பக்கம் விடுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

கட்டையிடம் திரும்பிப் போகிறான் என்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். வவுனியா தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. பட்டறையில் நின்றபடியே பழக, அரசின் நைற்றா நிறுவனத்துத் தொழிற்பயிலுநர் முறை இருக்கிறது. எங்கே போனாலும் கிடைக்க வேண்டியது தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ., 4ஆம் மட்டம். 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். படிப்பு ஆசை பிறகு வந்தால் கதவு திறந்தே இருக்கும். கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஓடுகிற நிலையில் எத்தனை லேத், ஒரு பிள்ளைக்குக் கிழமையில் எத்தனை மணித்தியாலம் மெசின் கிடைக்கும், சுழலும் கத்தியால் வெட்டும் மில்லிங் மெசினும் தருவார்களா, கம்பனிப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். ஐந்து பேர் நின்று ஒருவன் கடைவதைப் பார்க்கும் இடத்தில் கை பழகாது.

ஆபத்தான வேலையா என்று கேட்டிருந்தீர்கள். ஓம். லேத்தில் கையுறை போடக்கூடாது, நீளக் கை சேட்டும் கூடாது. இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக் துணியைப் பிடித்தால் கையும் சேர்ந்து போகும். சக் சாவியைப் பூட்டியபடி விட்டுவிட்டு மெசினைப் போட்டால் அது பறந்து வந்து முகத்தில் அடிக்கும். கண்ணாடி இல்லாமல் நிற்கவிடும் பட்டறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

வன்னியில் இந்த வேலைக்கு என்ன கேள்வி என்று உங்கள் அண்ணர் கேட்டாராம். காலபோக வெட்டு தொடங்கினால் வெட்டு மெசினும் நெல் ஆலையும் தண்ணீர்ப் பம்பும் லாண்ட்மாஸ்டரும் ஒரே நேரத்தில் உடையும். பாதி வேலை, தேய்ந்த சாப்ட் என்ற சுழல்தண்டும் அது ஓடும் புஷ் என்ற குழாய்த்துண்டும்தான். சாப்டில் பெயாரிங் இருக்கும் இடம் தேய்ந்தால் வெல்டிங்கால் நிரப்பிக் கடைவார்கள். இங்கே பலர் செய்யும் பிழை, ஒரே பக்கமாக நிரப்புவது. சூட்டில் சாப்ட் வளையும், கடைந்தபின் அளவு சரியாக இருந்தாலும் ஓடும்போது உதறும், புதுப் பெயாரிங்கும் போகும். எதிரெதிர்ப் பக்கமாகச் சிறிது சிறிதாக நிரப்பி, ஆறவிட்டு, உதறலை ஊசியால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தபிறகுதான் கடைய வேண்டும். 6205 பெயாரிங் என்றால் உள்விட்டம் 25 மில்லிமீற்றர். அது இறுக்கமாக இருக்க வேண்டிய சாப்ட் 25.002க்கும் 25.015க்கும் இடையில் நிற்க வேண்டும். வேர்னியரால் இந்த அளவு பிடிபடாது, மைக்குறோமீற்றர் வேண்டும். வெண்கலப் புஷ்ஷை அளவுக்குத் துளைத்துவிட்டுப் பிறகு அடித்து இறக்குவது இன்னொரு பிழை. இறுக்கத்தில் துளை சுருங்கும், சாப்ட் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் குறைத்துத் துளைத்து, இறக்கியபின், துளையை நுணுக்கமாகப் பெருப்பிக்கும் ரீமரால் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவையும் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் அளந்து சொல்லக்கூடிய ஆள்தான் நம் பக்கத்தில் குறைவு.

"லேத் கடைந்து முதலாளியானவன் ஆர்?" என்பது சித்தப்பாவின் கேள்வி. ஃபிராங்க் ஹாசென்ஃபிராட்ஸ் என்று சொல்லுங்கள். ஹங்கேரிக்காரர், மெசினிஸ்ட். 1956 எழுச்சி நசுக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறி 1957இல் கனடாவுக்கு வந்தார். குவெல்ஃப் பக்கத்தில் வீட்டில் ஒரு லேத்தோடு தொடங்கினார். 1966இல் கம்பனியாகப் பதிந்தார். மகள்மார் லிண்டா, நான்சி, மனைவி மார்கரெட் மூவரின் பெயரையும் சேர்த்து லினமார் என்று வைத்தார். ஃபோர்டுக்கான எண்ணெய்ப் பம்பு வேலையில் வளரத் தொடங்கிய அந்தக் கம்பனி, இன்று பல நாடுகளில் வாகனப் பாகங்கள் செய்கிறது. 2022இல் அவர் காலமானார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது, அது வேறு. கவனிக்க வேண்டியது, அவர் திருத்த வேலையில் நிற்கவில்லை. ஒரே பாகத்தை ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்து, சொன்ன திகதிக்குக் கொடுத்தார்.

வன்னிப் பட்டறைகள் பல நொடிப்பது இந்த இடத்தில்தான். வெட்டுக் காலத்தில் இரவு பகலாக வேலை, பிறகு மாதக்கணக்கில் வெறுமை. செய்த வேலைக்கும் "நெல் வித்துத் தாறன்" என்று கடன் கொப்பி. திருத்த வேலையோடு, ஆண்டு முழுக்க ஓடும் ஒரு பாகமாவது கையில் வேண்டும்: லாண்ட்மாஸ்டர் புஷ், பம்புக் கப்பி, கலப்பை ஆணி, எதுவானாலும். இருநூறு புஷ் கடையும்போது ஒவ்வொன்றையும் மைக்குறோமீற்றரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 25 மில்லிமீற்றர் துளைக்கு ஒரு முனை 25.000, மறுமுனை 25.021 என்று கேஜ் ஒன்று செய்துகொண்டால் போதும். முதல் முனை போக வேண்டும், மற்றது போகக்கூடாது. விலை சொல்லும்போது இரும்பின் விலையோடு மெசின் நேரம், டூல் தேய்வு, பிழைத்துப்போகும் சாமான் எல்லாம் சேர வேண்டும். பார்த்தவுடன் வாய்க்கு வந்த விலை சொல்பவர் மின்சாரக் கட்டணம் வரும்போதுதான் நட்டத்தை அறிகிறார்.

ஆனால் முதல் வருடமே லேத் வாங்கிக் கொடுக்காதீர்கள். 4ஆம் மட்டம் முடித்து, கொழும்பை அடுத்த ஏக்கல அல்லது பியகம பக்கம் சாமான் வார்க்கும் அச்சுகள் செய்யும் அல்லது சீஎன்சி உள்ள பட்டறையில் இரண்டு வருடம் நிற்கட்டும். சிங்களமும் வரும், வரைபடம் வாசிக்கவும் வரும். அதன்பிறகு பழைய லேத் பார்க்கப் போனால், பெயின்ற்றைப் பார்க்காமல் 150 மில்லிமீற்றர் நீள இரும்பொன்றை வால்பக்கம் தாங்காமல் மெல்லிய வெட்டில் கடைந்து இரு முனையையும் அளக்கட்டும். வித்தியாசம் 0.03 மில்லிமீற்றருக்கு மேல் என்றால், டூல் ஓடும் பாதையான பெட் தேய்ந்திருக்கும் அல்லது சக் இருக்கும் தலை விலகியிருக்கும். விலகலைச் சரிக்கட்டலாம், தேய்ந்த பெட்டுக்குச் செலவு பெரிது. மூன்று பேஸ் மின்சாரம் வீட்டடிக்கு வருமா என்பதையும் மின்சார அலுவலகத்தில் முன்பே விசாரிக்க வேண்டும்.

கனடாதான் வேண்டும் என்றால், கடன்பட்ட மாணவனாகப் போகாமல் தொழிலாளியாகப் போகலாம். கூட்டாட்சி திறன்தொழில் திட்டத்தில் மெசினிஸ்ட் வேலையும் அடங்கும். விண்ணப்பத்துக்கு முந்திய 5 வருடத்துக்குள் 2 வருட முழுநேர வேலை, அதாவது 3,120 மணித்தியாலம். ஐஇஎல்டிஎஸ் பொதுப் பரீட்சையில் பேச்சிலும் கேட்டலிலும் 5, எழுத்தில் 4, வாசிப்பில் 3.5, அதோடு அங்குள்ள முதலாளியின் ஒரு வருட வேலை உத்தரவாதம் அல்லது மாகாணச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். உங்கள் தம்பி உண்மையில் உதவக்கூடிய இடமும் அதுதான். அவர் நிற்கும் பட்டறை முதலாளியை அவருக்குத் தெரியும். விதிகள் மாறும், விண்ணப்பிக்கும் வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தடுக்குவது ஆதாரத்தில். நாட்கூலி வாங்கிப் பல வருடம் லேத்தில் நின்றிருப்பார்கள், கையில் ஒரு துண்டுக் கடதாசி இராது. முதல் வேலையிலிருந்தே நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், செய்த வேலை, மெசின், மணித்தியாலம் எழுதி முதலாளி ஒப்பமிட்ட கொப்பி மூன்றும் இருக்க வேண்டும்.

தம்பி காசு அனுப்பியே தீருவேன் என்று நின்றால், 0–25 மைக்குறோமீற்றர் ஒன்று, 150 மில்லிமீற்றர் வேர்னியர் ஒன்று, காந்தத் தாங்கியோடு டயல் கேஜ் ஒன்று கேளுங்கள். மூன்றும் மில்லிமீற்றரில் இருக்க வேண்டும். அங்கே மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய லேத்தைக் கப்பலில் ஏற்றச் சொல்லாதீர்கள். அங்கத்தைய பட்டறை மோட்டார் பெரும்பாலும் 575 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 400, 50. புரி வெட்ட டூலை நகர்த்தும் லீட்ஸ்குரூவும் அங்குலக் கணக்கில் இருக்கும்.